கட்சிக்கு வெளியே – 6: ஒற்றை வாக்கில் பிறந்த வரி

1991 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பேங்க் ஆஃப் நியூ இங்கிலாந்து திவாலானது. அமெரிக்க மத்திய அரசின் வைப்புநிதிக் காப்பீட்டுக் கழகம் அதைக் கையகப்படுத்தியது. கனெக்டிகட் மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில் அந்த வங்கிக்கு ஒரு துணை வங்கி இருந்தது. போட்ட பணம் திரும்ப வருமா என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 9ஆம் தேதி, அதே ஹார்ட்ஃபோர்டில் லோவெல் வைக்கர் ஆளுநராகப் பதவியேற்றார். வயது 59. உயரம் ஆறரை அடி. பதினெட்டு ஆண்டுகள் அமெரிக்க செனட்டில் இருந்தவர். இப்போது குடியரசுக் கட்சியிலும் இல்லை, ஜனநாயகக் கட்சியிலும் இல்லை. தேர்தலுக்காக அவரே தொடங்கிய கட்சிக்கு மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

சென்ற இதழில் மெய்ன் மாநிலத்தின் ஜேம்ஸ் லாங்லியைப் பார்த்தோம். காப்பீட்டு முகவராக இருந்து, 1974இல் இரண்டு கட்சிகளையும் வென்று ஆளுநரானவர் அவர். அரசாங்கச் செலவைக் குறைப்பேன் என்றார். அதற்காகவே மக்கள் அவருக்கு வாக்களித்தார்கள். வைக்கரின் கதை நேர் எதிரானது. எந்த வரியைக் கேட்டாலே மக்கள் கொதித்தார்களோ அந்த வரியைக் கொண்டுவர வேண்டிய இடத்தில் அவர் நின்றார். கட்சி இல்லாத ஒருவரால் மட்டுமே செய்திருக்கக்கூடிய காரியம் என்று அதைச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை நமக்குப் புரியும்.

மும்முனைப் போட்டியின் கணக்கு

வைக்கர் 1931 மே 16 அன்று பாரிஸில் பிறந்தார். ஸ்க்விப் மருந்து நிறுவனத்தை நடத்திய குடும்பத்தின் பேரன். யேல் பல்கலைக்கழகம், இரண்டாண்டு ராணுவ சேவை, வர்ஜீனியாவில் சட்டப் படிப்பு என்று வசதியான வீட்டுப் பிள்ளையின் பாதையில் வளர்ந்தவர். நியூயார்க்கில் வேலை பார்க்கும் செல்வந்தர்கள் குடியிருக்கும் கிரீனிச் ஊரில் குடியேறினார். அந்த ஊரின் நிர்வாகத் தலைவர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், 1969இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் எனப் படிப்படியாக ஏறினார். எல்லாமே குடியரசுக் கட்சியின் பெயரில்.

1970இல் செனட்டுக்குப் போட்டியிட்டார். பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் தாமஸ் டாட், தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியதற்காக 1967இல் செனட்டின் கண்டனத் தீர்மானத்துக்கு ஆளானவர். கட்சி அவரைக் கைவிட்டு ஜோசப் டஃபியை வேட்பாளராக்கியது. டாட் சுயேச்சையாகக் களமிறங்கினார். ஜனநாயகக் கட்சியின் வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. வைக்கர் 42 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளை வைத்தே வென்றார். இந்தக் கணக்கு அவர் வாழ்க்கையில் இன்னொரு முறை திரும்பி வரும்.

செனட்டுக்குப் போன மூன்றாம் ஆண்டிலேயே வாட்டர்கேட் ஊழல் விசாரணை வந்தது. சாம் எர்வின் தலைமையிலான விசாரணைக் குழுவில் மொத்தம் ஏழு பேர். குடியரசுக் கட்சியினர் மூவர். அவர்களில் இளையவர் வைக்கர். விசாரணைக்குள்ளாகியிருப்பது தன் கட்சியின் ஜனாதிபதி. அவரைக் காப்பாற்றும் வழியைத் தேடாமல், வெள்ளை மாளிகை செய்ததைக் கடுமையாகக் கேள்வி கேட்டார் வைக்கர். எஃப்.பி.ஐ.யின் தற்காலிக இயக்குநராக இருந்த பாட்ரிக் கிரே அவருக்கு நண்பர், கனெக்டிகட்காரர். வழக்கோடு தொடர்புடைய கோப்புகளைத் தான் அழித்துவிட்டதை கிரே அவரிடம் ஒப்புக்கொண்டார். வைக்கர் வழியாக அந்தச் செய்தி பத்திரிகைகளுக்குப் போனது. 1973 ஏப்ரல் 27 அன்று கிரே பதவி விலகினார்.

அன்றிலிருந்து கட்சித் தலைமைக்கு அவர் பகைவர். வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சியில் விசாரணையைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண மக்களுக்கு நம்பிக்கைக்குரியவர். இந்த இரட்டை நிலைதான் பிறகு அவருடைய அரசியல் முதலீடாயிற்று.

சொந்தக் கட்சியில் அந்நியர்

1980களில் ரொனால்ட் ரீகன் தலைமையில் குடியரசுக் கட்சி வலப்பக்கம் நகர நகர, வைக்கர் அதில் தனித்துப் போனார். பள்ளிகளில் பிரார்த்தனையைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகளை செனட்டில் மணிக்கணக்காகப் பேசித் தடுத்தார். 1985 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். எய்ட்ஸ் என்ற சொல்லைச் சொல்லவே பல அரசியல்வாதிகள் தயங்கிய காலத்தில், சுகாதார நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் இருந்துகொண்டு ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் பணம் ஒதுக்கப் போராடினார்.

மாற்றுத் திறனாளிகளின் உரிமை அவருக்குக் கொள்கை விவகாரம் மட்டுமல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு மகனின் தந்தை அவர். 1988 ஏப்ரலில் அமெரிக்க மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் முதல் வடிவை செனட்டில் அறிமுகப்படுத்தியவர் வைக்கர்தான். 1990இல் அது சட்டமானபோது அவர் செனட்டில் இல்லை. ஆனாலும் சாய்தளம் அமைக்காத அமெரிக்கப் பொதுக் கட்டடம் ஒன்று இன்று சட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றால், அதற்கான தொடக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

கட்சியின் வேலியையே தளர்த்தவும் அவர் முயன்றார். கனெக்டிகட்டில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்துகொள்ளாத வாக்காளர்கள் ஏராளம். குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அவர்களும் வாக்களிக்கட்டும் என்று வைக்கரின் அணி கட்சியில் விதி கொண்டுவந்தது. மாநிலச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 டிசம்பரில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் கட்சியின் பக்கம் தீர்ப்பு வந்தது. கட்சி சாராத வாக்காளரை நம்பி அரசியல் செய்ய முடியும் என்ற எண்ணம் வைக்கருக்கு 1990இல் திடீரென்று உதித்ததல்ல என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

1988 தேர்தலில் அவரை எதிர்த்தவர் ஜனநாயகக் கட்சியின் ஜோ லீபர்மன். பழமைவாதிகளின் ஆஸ்தான எழுத்தாளரும் கனெக்டிகட்வாசியுமான வில்லியம் பக்லி, தன் கட்சியைச் சேர்ந்த வைக்கரைத் தோற்கடிப்பதற்காகவே ஒரு பிரசார அமைப்பைத் தொடங்கி லீபர்மனை ஆதரித்தார். கியூபாவோடு உறவை மேம்படுத்த வேண்டும் என்ற வைக்கரின் நிலைப்பாடும் எதிரிகளைச் சேர்த்திருந்தது. சுமார் 10,000 வாக்குகளில் வைக்கர் தோற்றார்.

1990: மூன்றாவது வரிசை

ஜனநாயகக் கட்சி ஆளுநர் வில்லியம் ஓ’நீல் 1990இல் மீண்டும் போட்டியிடவில்லை. மாநிலத்தின் நிதிநிலை சரிந்துகொண்டிருந்தது. அவருடைய செல்வாக்கும் அப்படியே. அந்த ஆண்டு மார்ச்சில் வைக்கர் சுயேச்சையாக ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். தேர்தல் சட்டப்படி வாக்குச்சீட்டில் இடம் பெற ‘எ கனெக்டிகட் பார்ட்டி’ என்ற கட்சியைப் பதிவு செய்தார். கட்சி என்பது பெயருக்குத்தான். கொள்கை அறிக்கை, கிளைகள், தொண்டர் படை எதுவுமில்லாத, ஒரு மனிதரைச் சுற்றி எழுந்த அமைப்பு அது.

துணை ஆளுநர் வேட்பாளராக அவர் தேர்ந்தெடுத்தது ஹார்ட்ஃபோர்ட் நகர அரசியலில் அனுபவம் பெற்ற வழக்கறிஞர் யூனிஸ் குரோர்க்கை. குடியரசுக் கட்சி இளம் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ரோலண்டை நிறுத்தியது. ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் இருவர் மோதினார்கள். அவர்களில் வில்லியம் சைப்ஸ் மாநிலத்துக்கு வருமான வரி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியே வாக்குக் கேட்டார், தோற்றார். புரூஸ் மாரிசன் வேட்பாளரானார்.

வருமான வரி பற்றி வைக்கர் அந்தப் பிரசாரத்தில் சொன்னதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பொருளாதார மந்தநிலையில் வருமான வரி விதிப்பது எரிகிற தீயில் பெட்ரோல் ஊற்றுவதற்குச் சமம் என்றார். மந்தநிலையில் வேண்டாம் என்று காலத்தைக் குறித்துத்தான் அவர் பேசினார் என்று வாதாடலாம். ஆனால் வாக்காளர்கள் காதில் விழுந்தது, இந்த மனிதர் வருமான வரி போட மாட்டார் என்பதுதான்.

நவம்பர் 6 அன்று 1970இன் கணக்கு திரும்பியது. வைக்கர் சுமார் 40 சதவீதம், ரோலண்ட் 37, மாரிசன் 21. அதே நாளில் நாட்டின் மறுகோடியில் அலாஸ்காவில், குடியரசுக் கட்சியின் பழைய ஆளுநரான வால்டர் ஹிக்கலும் ஒரு சிறு கட்சியின் பெயரில் வென்றார். ஒரே இரவில் இரண்டு மாநிலங்கள் இரண்டு பெரிய கட்சிகளையும் ஒதுக்கின. ஆனால் கனெக்டிகட்டில் பத்தில் ஆறு பேர் வைக்கருக்கு வாக்களிக்கவில்லை என்பதும் அதே முடிவில் எழுதியிருந்தது.

கஜானாவைத் திறந்தபோது

கனெக்டிகட் அன்று தனிநபர் வருமானத்தில் அமெரிக்காவின் முதல் மாநிலம். அப்படிப்பட்ட மாநிலத்தின் அரசு ஏன் திவாலாகும் நிலைக்கு வந்தது?

முதல் காரணம் தொழில். குராட்டனில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் எலெக்ட்ரிக் போட், கிழக்கு ஹார்ட்ஃபோர்டில் ஜெட் எஞ்சின் செய்யும் பிராட் அண்ட் விட்னி, ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹெலிகாப்டர் செய்யும் சிகார்ஸ்கி ஆகிய மூன்றும் ராணுவத் தளவாட ஆர்டர்களை நம்பியிருந்தன. பனிப்போர் முடிய முடிய ஆர்டர்கள் வற்றின. 1980களில் ஊதிப்போயிருந்த நில விலை விழுந்தது. நிலத்தின்மேல் கடன் கொடுத்த வங்கிகள் அதோடு விழுந்தன.

இரண்டாவது காரணம் வரி அமைப்பு. மாதச் சம்பளத்தின்மீது மாநில வருமான வரி கிடையாது. பங்கு ஈவுத்தொகை, வட்டி, மூலதன ஆதாயம் ஆகியவற்றுக்கு மட்டும் வரி உண்டு. மிச்சச் சுமையை விற்பனை வரியும் நிறுவன வரியும் தாங்கின. விற்பனை வரி 8 சதவீதம். அன்று நாட்டிலேயே அதிகம். கடைகளில் விற்பனை குறைந்தால் அரசின் வருவாய் அன்றே குறையும். பங்குச் சந்தை சரிந்தால் மூலதன ஆதாய வரியும் போகும். நல்ல காலத்தில் பொங்கி, கெட்ட காலத்தில் வறண்டுபோகும் வருவாய் அது. இன்னொரு பக்கம், அந்த 8 சதவீதம் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அளவு. தன் சம்பளம் முழுவதையும் குடும்பச் செலவுக்கே கொடுக்கும் தொழிலாளி, வருமானத்தில் பெரும் பங்கைச் சேமிக்கும் கிரீனிச் செல்வந்தரைவிட அதிக விகிதத்தில் வரி கட்டினார்.

இது எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் தெரிந்த விஷயம். 1971இல் சட்டமன்றம் வருமான வரியை நிறைவேற்றியது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு, அது நடைமுறைக்கு வருவதற்குள் சில வாரங்களிலேயே அதே சட்டமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் எந்த ஆளுநரும் அந்தப் பேச்சை எடுக்கத் துணியவில்லை.

வைக்கர் பதவியேற்றபோது அந்த நிதியாண்டின் பற்றாக்குறை கிட்டத்தட்ட 100 கோடி டாலர். அடுத்த நிதியாண்டுக்கு 240 கோடி டாலர் இடைவெளி விழும் என்று கணக்கிட்டார்கள். மாநில நிதி நிர்வாகத்துக்கு அவர் யாரை நியமித்தார் என்பதிலேயே வரப்போவது தெரிந்திருக்க வேண்டும். வருமான வரி கேட்டுத் தோற்ற ஜனநாயகக் கட்சிக்காரர் வில்லியம் சைப்ஸ்தான் அவர். பிப்ரவரியில் வைக்கர் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில், சம்பளம் உட்பட எல்லா வருமானத்தின்மீதும் 6 சதவீத வரி இருந்தது. விற்பனை வரியைக் கணிசமாகக் குறைப்பதாகவும் அது சொன்னது.

மூன்று முறை மறுப்பு

இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. ஆனால் அந்தக் கட்சியே இரண்டாகப் பிளந்து கிடந்தது. செனட்டின் தலைவர் ஜான் லார்சன் வருமான வரியை எதிர்த்தார். குடியரசுக் கட்சியினர் ஏறத்தாழ ஒட்டுமொத்தமாக எதிர்த்தார்கள். இரு கட்சி எதிர்ப்பாளர்களும் சேர்ந்து, விற்பனை வரியை இன்னும் பல பொருள்களுக்கு விரிவாக்கி, செலவுகளை வெட்டி, வருமான வரி இல்லாத திட்டத்தை நிறைவேற்றி அனுப்பினார்கள். வைக்கர் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைத் திருப்பி அனுப்பினார். இன்னொன்று வந்தது, அதையும் மறுத்தார். மூன்றாவதும் வந்தது, அதையும் மறுத்தார். அந்த மறுப்புகளை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும். அது எதிர்ப்பாளர்களிடம் இல்லை.

கட்சி இல்லாததன் பலம் இங்கேதான் வெளிப்பட்டது. கட்சிக்கார ஆளுநராக இருந்தால் முதல் மறுப்போடு கட்சித் தலைவர்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த தேர்தலில் நம் ஆள்கள் ஐம்பது பேர் தோற்பார்கள் என்று சொல்லியிருப்பார்கள். வைக்கருக்கு அப்படித் தோற்க யாரும் இல்லை. பறிபோக ஒரு நாற்காலி மட்டுமே இருந்தது, அது அவருடையது.

ஜூலை 1 அன்று நிதியாண்டு தொடங்கியது. வரவு செலவுத் திட்டம் இல்லை. அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. கோடை விடுமுறையின் உச்சத்தில் மாநிலப் பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன. ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு தற்காலிக அனுமதிகளால் அரசு ஓடியது. பேச்சுவார்த்தை ஆகஸ்ட் வரை இழுத்தது.

கட்சி இல்லாததன் பலவீனமும் அதே வாரங்களில்தான் தெரிந்தது. கட்டளையிட்டு வாக்கைப் பெற வைக்கருக்குக் கொறடா இல்லை. ஒவ்வொரு உறுப்பினரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது; ஒவ்வொருவரும் கேட்டதில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 6 சதவீதம் 4.5 சதவீதமாக இறங்கியது. தம்பதியினருக்கு முதல் 24,000 டாலர் வருமானம் வரை விலக்கு கிடைத்தது. வருமானம் உயர உயர விலக்கு கரையும். விற்பனை வரி 8இலிருந்து 6 சதவீதமாகும். செலவு கட்டுமீறிப் போகும் என்று அஞ்சியவர்களுக்காக, அரசுச் செலவின் வளர்ச்சிக்கு உச்சவரம்பு விதிக்கும் விதியும் சேர்க்கப்பட்டது. 1992இல் மக்கள் வாக்களித்து அந்த உச்சவரம்பை மாநில அரசியலமைப்பிலேயே எழுதினார்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் உலகம் முழுவதும் மாஸ்கோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோர்பசேவுக்கு எதிரான சதி 19ஆம் தேதி தொடங்கி 21ஆம் தேதி தோற்றது; பனிப்போரின் கடைசி மூச்சு அது. அந்தப் போரின் தொழிற்சாலைகளில் ஒரு தலைமுறையாகப் பிழைத்த கனெக்டிகட், போருக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை அதே வாரத்தில்தான் முடிவு செய்தது. கீழவையில் ஆதரவு 75, எதிர்ப்பு 73. ஒரே ஒருவர் பக்கம் மாறியிருந்தால் சமநிலை. 36 பேர் கொண்ட செனட்டில் 18க்கு 18. சமநிலையில் வாக்களிக்கும் உரிமை அவைக்குத் தலைமை வகிக்கும் துணை ஆளுநருக்கு உண்டு. யூனிஸ் குரோர்க் ஆதரித்து வாக்களித்தார். ஆகஸ்ட் 22 அன்று வருமான வரி சட்டமானது.

குரோர்க்கின் பெயரை இந்த வரலாற்றில் பலர் அடிக்குறிப்பாகவே வைத்திருக்கிறார்கள். அது நியாயமல்ல. கனெக்டிகட்டில் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். சட்டமன்ற உறுப்பினர்களுக்காவது கூட்டத்தோடு கூட்டமாக மறைய வழியிருந்தது. அவருடைய வாக்கு எல்லோரும் பார்க்க, தனியாக, கடைசியாக விழுந்தது. அதற்கான விலையை அவர் பிறகு கொடுத்தார்.

நாற்பதாயிரம் பேர்

1991 அக்டோபர் 5, சனிக்கிழமை. ஹார்ட்ஃபோர்டின் சட்டமன்றக் கட்டடத்தின் முன் சுமார் 40,000 பேர் திரண்டார்கள். கனெக்டிகட் அதுபோன்ற கூட்டத்தை அங்கே கண்டதில்லை. முன்னின்று அழைத்தவர் முன்னாள் மாநில செனட்டர் டாம் ஸ்காட். வைக்கரின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

உள்ளேயே இருந்திருக்கலாம். வைக்கர் வெளியே வந்தார், கூட்டத்துக்குள் நடந்தார். வசைகள் விழுந்தன. எச்சில் துப்பினார்கள். ஆறரை அடி மனிதர் என்பதால் எங்கிருந்து பார்த்தாலும் அவர் தலை தெரிந்தது.

வந்திருந்தவர்களை வெறும் கும்பலாகப் பார்ப்பது தவறு. அந்த ஆண்டு வேலை இழந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். வீட்டின் விலை கடனைவிடக் கீழே போய்விட்டதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சூழலில் சம்பளக் கவரில் புதிதாக ஒரு பிடித்தம். போதாக்குறைக்கு, வரியைத் தீயில் ஊற்றும் பெட்ரோலாகச் சித்திரித்தவரே அதைக் கொண்டுவந்திருக்கிறார். அவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் நியாயம் இருந்தது. வைக்கர் செய்தது சரியா என்ற கேள்விக்கு நான் ஆம் என்றே பதில் சொல்வேன். தேர்தலின்போது உண்மையை முழுதாகச் சொன்னாரா என்ற கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அந்த உண்மையை முழுதாகச் சொன்ன சைப்ஸ் தேர்தலில் தோற்றார் என்பது ஒரு விளக்கம்தான், மன்னிப்பு அல்ல.

மறு ஆண்டு, 1992இல், பாஸ்டனில் உள்ள ஜான் கென்னடி நூலகம் அரசியல் துணிவுக்காக வழங்கும் விருதை வைக்கருக்கு அளித்தது. புதிய வரியின் துணையோடு மாநிலக் கணக்கு உபரிக்குத் திரும்பியது.

மீதிக் காலம்

வரி அவருடைய ஆட்சியின் மற்றவற்றை மறைத்துவிட்டது. சூதாட்ட விடுதிகளை அவர் விரும்பவில்லை. ஆனால் 1988இன் மத்தியச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் பூர்வகுடிகளான மஷாண்டக்கெட் பெக்குவாட் மக்களின் பக்கம் நின்றன. அவர்களுடைய ஃபாக்ஸ்வுட்ஸ் விடுதி 1992 பிப்ரவரியில் லெட்யார்டில் திறக்கப்பட்டது. மற்ற முதலாளிகள் நகரங்களுக்குள் சூதாட்ட விடுதி கேட்டு நெருக்கியபோது வைக்கர் 1993 ஜனவரியில் வேறொரு வழியில் முடிச்சைப் போட்டார். சூதாட்ட எந்திரங்களை வைக்கும் உரிமை அந்தப் பூர்வகுடியினருக்கு மட்டும். பதிலுக்கு எந்திர வருவாயில் 25 சதவீதம், குறைந்தது ஆண்டுக்கு 10 கோடி டாலர், மாநிலத்துக்கு. நகரங்களுக்குள் சூதாட்டம் பரவுவது நின்றது.

துப்பாக்கித் தொழிலின் தாயகங்களில் ஒன்றான கனெக்டிகட்டில், கோல்ட் துப்பாக்கி நிறுவனத்தின் ஊரான ஹார்ட்ஃபோர்டில் அமர்ந்துகொண்டு, 1993இல் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டின் தொடக்கத்தில் சட்டமன்றத்தில் ஆற்றிய உரையில், ஹார்ட்ஃபோர்ட் போன்ற நகரப் பள்ளிகளில் கறுப்பின, லத்தீன் மாணவர்கள் ஒதுங்கிக் கிடக்க, சுற்றியுள்ள புறநகர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் வெள்ளையரே படிக்கும் நிலையை மாற்ற வேண்டும் என்றார். சட்டமன்றம் அவர் கேட்ட அளவுக்கு வரவில்லை. 1996இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது.

வாரிசு இல்லாத வெற்றி

1994இல் வைக்கர் மறுபடி போட்டியிடவில்லை. அவர் கட்சியின் சார்பில் குரோர்க் நின்றார். ரோலண்ட், வருமான வரியை ஒழிப்பேன் என்ற வாக்குறுதியோடு திரும்பி வந்தார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் பில் கறி. வரி எதிர்ப்புப் பேரணியின் டாம் ஸ்காட்டும் சுயேச்சையாக இறங்கினார். ரோலண்ட் சுமார் 36 சதவீத வாக்கில் ஆளுநரானார். கறி 33. குரோர்க் 19. ஸ்காட் 11. வைக்கரை உயர்த்திய பிளவுபட்ட களத்தின் கணக்கு அவருடைய துணை ஆளுநரை வீழ்த்தியது. ‘எ கனெக்டிகட் பார்ட்டி’ அதன்பின் சில ஆண்டுகளில் மறைந்தது.

வரி மறையவில்லை. ஒழிப்பதாகச் சொல்லி வந்த ரோலண்ட் அதைக் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சற்றுத் தளர்த்தினார், ஒழிக்கவில்லை. ஒழித்தால் அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அவர் 2004இல் ஊழல் விவகாரத்தில் பதவி விலகிச் சிறைக்குப் போனார். அடுத்தடுத்து வந்த இரு கட்சி ஆளுநர்களும் அதே வரியை வைத்துத்தான் மாநிலத்தை நடத்தினார்கள். இன்று கனெக்டிகட் அரசின் மிகப் பெரிய வருவாய் அதுவே.

எதிர்த்தவர்கள் எச்சரித்ததிலும் உண்மை இருந்தது. புதிய பணம் வந்ததும் பழைய ஒழுங்கீனங்களைத் திருத்தும் அவசரம் போய்விடும் என்றார்கள். செலவு உச்சவரம்பை மக்கள் 1992இல் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்கு அரசியலமைப்பு கேட்ட விளக்கங்களைச் சட்டமாக எழுத சட்டமன்றம் 2017 வரை எடுத்துக்கொண்டது. ஓய்வூதியக் கடன் பல ஆண்டுகளுக்குப் பெருகிக்கொண்டே போனது. வருமான வரி ஒரு நிலையான வருவாயைக் கொடுத்தது. நிதி ஒழுக்கத்தைக் கொடுக்கவில்லை. அதைக் கொடுப்பது வரியின் வேலையும் அல்ல.

வைக்கர் 2023 ஜூன் 28 அன்று 92ஆம் வயதில் காலமானார். அவருடைய வாழ்க்கையிலிருந்து இந்தத் தொடர் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. கட்சி சாராத ஆளுநர் ஒருவர், கட்சிகள் இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்ட முடிவை எடுக்கலாம். அதற்கான விலையைத் தானே கட்டத் தயாராக இருந்தால் போதும். ஆனால் அந்த முடிவை நிறைவேற்ற அதே கட்சிக்காரர்களின் வாக்குகள்தான் வேண்டும். அவருக்காகத் தங்கள் தொகுதியில் அடிவாங்கத் துணிந்த 75 பேரும் 18 பேரும் கட்சிக்காரர்கள். அவர்களின் துணிவைச் சேர்க்காமல் வைக்கரின் துணிவை மட்டும் பாடுவது அரைகுறை வரலாறு. கட்சி ஒரு நல்ல முடிவைத் தடுக்கும் சுவராகலாம். எடுத்த முடிவைத் தலைமுறை தாண்டிக் காக்கும் கையும் அதுவாகவே இருக்கலாம். வைக்கர் அந்தச் சுவரை உடைத்தார்; அந்தக் கையை உருவாக்க அவருக்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. அவருடைய சட்டம் பிழைத்தது, அதை விரும்பாதவர்களுக்கும் அது தேவைப்பட்டதால்.

கட்சி இல்லாமல் வென்று, மறுபடியும் நின்று, மறுபடியும் வெல்ல முடியுமா? வைக்கர் விலகிய அதே 1994 நவம்பரில், லாங்லியின் மெய்ன் மாநிலம் இரண்டாவது முறையாக ஒரு சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது. பொதுத் தொலைக்காட்சியில் முகம் தெரிந்தவரான ஆங்கஸ் கிங், நான்கு ஆண்டு கழித்து மீண்டும் மக்களிடம் போனார். இந்த முறை அவருக்குக் கிடைத்தது பிளவுபட்ட களத்தின் சிறு முன்னிலை அல்ல, தெளிவான பெரும்பான்மை. அது எப்படி நடந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)